கோட்டைக்குள் அரிசி இருந்ததா?

நம் பக்கத்துக் கோட்டைகளைப் பற்றிப் பேச்சு வந்தால், கட்டியது யார், பிடித்தது யார் என்ற இரண்டு கேள்விகளோடு முடிந்துவிடும். நாமக்கல் மலைக்கோட்டையை ராமச்சந்திர நாயக்கர் கட்டினாரா, வேறொருவர் கட்டினாரா என்று டீக்கடையில் ஒரு மணி நேரம் வாதாடுவார்கள். உள்ளே காவல் இருந்த சிப்பாய் ராத்திரி என்ன சாப்பிட்டான், அந்த அரிசி எந்த ஊரிலிருந்து யார் வீட்டு மாட்டின் முதுகில் வந்தது, வராமல் போனால் யாருக்குக் கடிதம் போனது என்று கேட்பவர் இல்லை. எனக்கு இந்தக் கேள்விதான் முதலில் வருகிறது. முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்க எழுத்தராக இருந்து, அதில் பாதிக் காலத்தை ஸ்டோர்ஸ் பிரிவில் கழித்தவனுக்கு வேறென்ன கேள்வி வரும்?

நம் சேலம், நாமக்கல் சமவெளியில் இருபத்தைந்து வருஷத்துக்குள் இரண்டு பெரிய சண்டைகள் நடந்தன. முதல் மைசூர்ப் போர் 1767 முதல் 1769 வரை. மூன்றாம் மைசூர்ப் போர் 1790 முதல் 1792 வரை. இரண்டிலும் தளபதிகள் எழுதிய கடிதங்களும், அவற்றை வைத்து வில்க்ஸ் போன்றவர்கள் பிற்பாடு எழுதிய சரித்திரமும் நமக்குக் கிடைக்கின்றன. வாள் வீச்சையும் பீரங்கி முழக்கத்தையும் எதிர்பார்த்துப் படிக்கத் தொடங்கினால் ஏமாற்றமாக இருக்கும். அரிசி, மாடு, பணம், மறுபடியும் அரிசி. எங்கள் அலுவலக இண்டென்ட் கோப்பைப் படிப்பது போலவே இருக்கும். அதனால்தானோ என்னவோ எனக்கு அவை சுவையாக இருந்தன.

முதல் போரிலிருந்து தொடங்குகிறேன். அப்போது சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் ஹைதர் அலியின் கையில். கிழக்கே ஆற்காட்டு நவாப் முகமது அலியின் சீமை. நவாபுக்குப் பின்னால் சென்னைக் கும்பினி. கும்பினிப் படைக்குத் தலைவர் கர்னல் ஜோசப் ஸ்மித். பிற்பாடு ஜெனரல் ஆனவர். 1773-ல் தஞ்சாவூர்க் கோட்டையைப் பிடித்தவரும் இவரே.

1767 செப்டம்பர் 3-ம் தேதி செங்கத்தில் ஸ்மித், ஹைதரும் நிஜாமும் சேர்ந்து வந்த படையை முறியடித்தார். வெற்றிதான். ஆனால் சண்டை நடந்துகொண்டிருந்தபோதே எதிரிக் குதிரைப்படை பின்னால் வந்து அரிசி மூட்டைகளைக் கொண்டுபோய்விட்டது. ஜெயித்த படை ஒரு பகலும் ஒரு இரவும் அன்னம் ஆகாரம் இல்லாமல் நடந்து திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தது. அங்கே நவாபின் ஆட்கள் தானியம் சேர்த்து வைத்திருப்பார்கள் என்பது ஏற்பாடு. போய்ப் பார்த்தால் சொன்னபடி எதுவும் இல்லை. அந்த மாதக் கடைசியில் திருவண்ணாமலையில் இன்னொரு பெரிய சண்டையில் ஸ்மித் ஜெயித்தார் என்பது வேறு. ஜெயித்தும் எதிரியைத் துரத்திப் போக முடியாதபடி வயிறும் மாடும் அவரைக் கட்டிப்போட்டன. அந்தப் போர் முழுவதும் அவர் சென்னைக்கு வைத்த முறையீடு ஒன்றுதான்: சொன்ன இடத்தில் தானியம் இல்லை, அதை இழுத்துவர மாடு இல்லை, வருகிற மாட்டைக் காக்கக் குதிரைப்படை இல்லை.

இந்த "சொன்ன இடத்தில் இல்லை" என்பது எனக்கு மிகவும் பழக்கமான சங்கதி. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் மழைக்காலத்துக்கென்று தார்ப்பாய்கள் வாங்கி வைத்ததாக ஸ்டாக் ரிஜிஸ்டரில் அழகான கையெழுத்தில் இருந்தது. ஐப்பசி மழையில் ஒரு கிளை அலுவலகத்துக்காரர் கேட்டு எழுதினார். நாலு தடவை எழுதினார். "கையிருப்பு உள்ளது, ஆள் அனுப்பிப் பெற்றுக்கொள்ளவும்" என்று பதில் போயிற்று. ஆள் வந்து பார்த்தால் அறையில் பூட்டு இருந்தது, தார்ப்பாய் இல்லை. எப்போதோ யாரோ கைமாற்றாகக் கொண்டுபோனது. ரிஜிஸ்டர் மட்டும் நனையாமல் இருந்தது. எங்களுக்குப் போனது சில மூட்டைக் காகிதம். ஸ்மித்துக்குப் போயிருக்கக் கூடியது ஒரு சேனை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இது என் கணக்கு, எந்த ஆவணத்திலும் இருப்பதல்ல. ஒரு கோட்டையில் 200 சிப்பாய்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு முக்கால் கிலோ அரிசி. இரண்டு மாதம் தாக்குப்பிடிக்க வேண்டும் என்றால் 9,000 கிலோ. ஒரு பொதிமாடு 75 கிலோ சுமக்கும் என்று வைத்தால் 120 மாடுகள். இது ஒரு கோட்டைக்கு, அரிசிக்கு மட்டும். உப்பு, புளி, மிளகாய், வெடிமருந்து, குண்டு தனி. பத்துக் கோட்டை என்றால் 1,200 மாடு. மாட்டுக்கும் தீனி வேண்டும், ஓட்டிகளுக்கும் சோறு வேண்டும், கூடவே காவல் வேண்டும். அந்தக் காவலுக்கும் சோறு வேண்டும். நம்முடையது புன்செய்ச் சீமை. கம்பு, சோளம், ராகி எங்கும் விளையும். நெல்லுக்கு ஏரிக்கரையும் மோகனூர், பரமத்திப் பக்கத்துக் காவிரிக்கரையும்தான். கர்நாடகச் சிப்பாயோ அரிசிச் சோறு தின்று பழகியவன். கம்பங்கூழைக் கொடுத்தால் குடித்திருப்பான் என்று நீங்கள் சொல்லலாம். பசித்தால் குடிப்பான். அந்தக் கம்பையும் ஒருவர் வாங்கிச் சேர்த்து வைத்திருக்க வேண்டுமே.

கோட்டைக்குள் சாமான் இருந்து, உள்ளே இருப்பவனும் உறுதியாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் அதே வருஷத்தில் சாட்சி உண்டு. 1767 நவம்பரில் ஹைதர் வாணியம்பாடிக்கு வந்தார். அங்கே இருந்த கேப்டன் ராபின்சன் சரணடைந்தார். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள். பிறகு ஹைதர் ஆம்பூருக்கு வந்தார். அங்கே கேப்டன் கால்வெர்ட், சுமார் 500 சிப்பாய்கள், கொஞ்சம் ஐரோப்பியர். பணம் தருகிறேன், விட்டுவிடு என்று ஹைதர் ஆள் அனுப்பினார். இன்னொரு முறை இந்தச் செய்தியோடு வருகிறவனைத் தூக்கில் போடுவேன் என்று கால்வெர்ட் பதில் சொன்னார். மூன்று வாரத்துக்கு மேல் மலைக்கோட்டை தாங்கியது. டிசம்பர் தொடக்கத்தில் ஸ்மித் வந்ததும் ஹைதர் முற்றுகையை விட்டுப் போனார். அந்தச் சிப்பாய்ப் பட்டாளத்துக்குக் கொடியில் ஆம்பூர்ப் பாறையின் உருவம் மரியாதையாகக் கிடைத்தது.

மறு வருஷம் 1768. கும்பினிக்கு நல்ல காலம் போலத் தோன்றியது. கர்னல் வுட் என்பவர் ஒரு படையோடு கிளம்பி, தென்கரைக்கோட்டை, தருமபுரி, சேலம், ஆத்தூர், நாமக்கல் என்று வரிசையாகப் பிடித்தார். காவிரியைத் தாண்டி ஈரோடு, சத்தியமங்கலம், தாராபுரம், கோயமுத்தூர், பாலக்காடு, ஆகஸ்ட் மாதத்தில் திண்டுக்கல். மே மாதத்திலேயே கிருஷ்ணகிரியும் முற்றுகையில் பணிந்திருந்தது. சென்னை ஆலோசனை சபையில் படத்தை விரித்து வைத்துக்கொண்டு மகிழ்ந்திருப்பார்கள். ஆனால் பிடித்த ஒவ்வொரு கோட்டையிலும் கொஞ்சம் ஆளை விட்டுவிட்டு வர வேண்டும். பத்து இடத்தில் விட்டால் களத்தில் நிற்கிற சேனை கரைந்துவிடும். விட்ட இடத்தில் இருப்பவர்களும் தனியாக நின்று சமாளிக்கிற அளவுக்கு இல்லை. எங்கள் ஊர்ப் பக்கத்தில் சொல்வார்கள், ஒரு படி அரிசியைப் பத்துச் சட்டியில் போட்டுப் பொங்கினால் ஒரு சட்டியும் பொங்காது என்று. அதுதான் நடந்தது.

இதில் ஸ்மித்தின் கை எவ்வளவு கட்டப்பட்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சபை தன் உறுப்பினர்கள் இருவரைக் களப் பிரதிநிதிகள் என்று படையோடு அனுப்பியிருந்தது. ஜான் கால், ஜார்ஜ் மெக்கே. கால் என்ஜினீயர். நவாபும் பரிவாரத்தோடு கூடவே இருந்தார். தளபதி ஒரு பக்கம் போகலாம் என்றால் பிரதிநிதிகள் யோசனை சொல்வார்கள், நவாபுக்கு வேறு விருப்பம் இருக்கும், எல்லாம் சென்னைக்குக் கடிதமாகப் போய்ப் பதிலாக வர வேண்டும். 1768 செப்டம்பரில் ஹைதரே சமாதானத்துக்கு இறங்கி வந்தார். பாராமகால் சீமையை விட்டுக்கொடுத்துப் பத்து லட்சமும் தருவதாகச் சொன்னார். கும்பினி தரப்பு அதற்கு மேல் கேட்டது. பேச்சு முறிந்தது. இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதிகள் கும்பினிக்குப் போக வேண்டியது அன்றே என்று இருந்தது, இருபத்துநான்கு வருஷம் தள்ளிப்போனது. அந்த இருபத்துநான்கு வருஷத்தில் இங்கே எத்தனை ஊர் எரிந்தது, எத்தனை பட்டி மாடு போனது என்று கணக்கெழுத ஆளில்லை.

நவம்பர் மத்தியில் ஸ்மித்தை ஆலோசனைக்கென்று சென்னைக்கு அழைத்துக்கொண்டார்கள். படை வுட் கைக்கு வந்தது. ஓசூரை ஹைதர் வளைத்திருக்கிறார் என்று கேட்டு வுட் அங்கே விரைந்தார். போகும்போது பெரிய பீரங்கிகளையும் தட்டுமுட்டுகளையும் பாகலூரில் வைத்துவிட்டுப் போனார். ஹைதர் சுற்றிக்கொண்டு வந்து பாகலூரில் கை வைத்தார். பீரங்கியும் போயிற்று, சாமானும் போயிற்று. சாமானோடு இருந்த கூட்டம் கோட்டை வாசலில் முண்டியடித்து நசுங்கியது. மாட்டுக்காரரும் கடைக்காரரும் பெண்டு பிள்ளைகளும்தான் அந்தக் கூட்டம். வுட்டைக் கைது செய்து சென்னைக்கு அனுப்பினார்கள். அதனால் செத்தவர் யாரும் எழுந்துவரவில்லை.

இதே சமயத்தில் மேற்கே மலையிலிருந்து ஹைதரின் தளபதி பஸ்லுல்லா கான் கோயமுத்தூர்ச் சீமைக்குள் இறங்கினார். கெஜலட்டிக் கணவாய் வழியில் ஒரு மண்கோட்டை. அதில் இரண்டு கம்பெனிச் சிப்பாய்கள், ஒரே ஒரு பீரங்கி. தலைமை ஒரு சார்ஜென்ட், ஹாஸ்கன் என்று பெயர். தளபதிகளின் எல்லாக் கடிதங்களையும் விட எனக்குப் பிடித்தது இவன் எழுதின சீட்டுதான். முதல் தாக்குதலை விரட்டி அடித்துவிட்டு மேலதிகாரிக்கு எழுதுகிறான். நாளைக் காலையில் பீரங்கிகளோடு மறுபடி வருவார்கள் என்று எதிர்பார்க்கிறேன், கடவுள் துணையிருந்தால் அந்தப் பீரங்கிகளைப் பிடுங்கிக்கொள்வேன் என்பது அதன் சாரம். ஆள் அனுப்பு, அரிசி அனுப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. கேட்டால் வராது என்று தெரிந்திருக்கும். கோட்டை பிறகு விழுந்தது. அவன் என்ன ஆனான் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. அந்த இரண்டு கம்பெனிச் சிப்பாய்களில் ஒருவன் பெயர்கூட நமக்குத் தெரியாது. அவர்களில் பாதிப்பேராவது நம் பாஷை பேசியவர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

டிசம்பரில் ஹைதர் தாமே மலையிறங்கினார். தருமபுரி, தென்கரைக்கோட்டை, ஓமலூர், சேலம், நாமக்கல், கரூர். வுட் மாதக்கணக்கில் பிடித்ததை ஹைதர் நாள்கணக்கில் திரும்பப் பெற்றார். தொப்பூரிலிருந்து நாமக்கல்வரை இன்று பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியே பார்க்கிற அதே பாதைதான் ஏறக்குறைய. பெரிய சண்டை எங்கும் இல்லை. எந்தக் காவலுக்கும் அடுத்த காவலிலிருந்து உதவி வர வழியில்லை. மேஜர் ஃபிட்ஸ்ஜெரால்டு ஒரு படையோடு பின்னால் இறங்கி வந்தார், எட்டிப்பிடிக்க முடியவில்லை. ஹைதரின் படையில் பெரும்பகுதி குதிரை. வேண்டியதை அந்தந்த ஊர்களிலேயே எடுத்துக்கொள்ளும். ஊர்க்காரனுக்கு அது இடி. சேனைக்கு அது வேகம். கும்பினிப் படையோ மாட்டின் நடைக்குத்தான் நடக்க முடியும்.

ஈரோட்டுக்கும் கரூருக்கும் இடையில் கேப்டன் நிக்சன் 50 ஐரோப்பியரோடும் 200 சிப்பாய்களோடும் வழியில் மாட்டிக்கொண்டார். எதிரே ஹைதரின் மொத்தச் சேனை. ஓடாமல் நின்று சண்டை போட்டார்கள். கிட்டத்தட்ட எல்லோரும் செத்தார்கள் அல்லது காயப்பட்டார்கள். காயமில்லாமல் தப்பிய அதிகாரி ஒருவர்தான்.

பிறகு ஈரோடு. கோட்டைத் தலைவர் கேப்டன் ஆர்டன். பேச வா என்று ஹைதர் அழைக்க, மனுஷன் கிளம்பிக் கூடாரத்துக்கே போய்விட்டார். போன இடத்தில்தான் ஹைதருக்கு ஒரு விஷயம் தெரிகிறது. கோட்டைக்குள் ஆர்டனுக்கு அடுத்த அதிகாரியாக இருப்பவர் அந்த வாணியம்பாடி ராபின்சன். இந்தப் போர் முடியும்வரை ஆயுதம் தொடுவதில்லை என்று வாக்குக் கொடுத்து விடுதலை பெற்றவர்.

இங்கே என் பிரெஞ்சுப் படிப்பு குறுக்கே வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். நான் காரைக்கால்காரன். பள்ளிப் படிப்பு பிரெஞ்சு வழியில். வேலைதான் என்னைச் சேலத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது. ஜெயில் கைதிக்குப் பரோல் என்று நம் பேப்பரில் தினமும் போடுகிறார்களே, அது பிரெஞ்சுச் சொல். பரோல் என்றால் வாய்ச்சொல். பரோல் தோனேர் என்றால் மானத்தின் மேல் வைத்துச் சொல்கிற சொல். அந்தக் காலத்து யுத்த தர்மத்தில் அதற்குப் பத்திரத்தை விட மதிப்பு. ராபின்சன் அதை மீறி வந்தது ஒரு பக்கம். அவர் வாக்குக் கொடுத்தவர் என்று தெரிந்தும் அவரை எல்லைக் கோட்டையில் கொண்டுபோய் உட்கார வைத்த ஆர்டரில் கையெழுத்துப் போட்டவர் யார்? ஆள் பற்றாக்குறை என்று சொல்லியிருப்பார்கள். அலுவலகங்களில் எல்லாத் தப்பான போஸ்டிங்குக்கும் அதுதான் காரணம்.

நீங்கள் வாக்கை மீறினீர்கள், நானும் மீறுகிறேன் என்றார் ஹைதர். ஆர்டனை வைத்தே கோட்டையை ஒப்படைக்கும்படி உத்தரவு எழுதி வாங்கினார். ராபின்சன் திறந்துவிட்டார். காவிரிபுரத்தில் கேப்டன் ஃபெய்சன் என்பவர் வாரக்கணக்கில் நன்றாகத் தாக்குப்பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அதே மாதிரி உத்தரவு போனது. திருச்சிக்குப் போக விடுகிறோம் என்ற நிபந்தனையில் வெளியே வந்தவர்களைப் பிடித்து சீரங்கப்பட்டணத்துச் சிறைக்கு அனுப்பிவிட்டார்கள். காவிரிபுரம் இன்று மேட்டூர் அணையின் நீர்ப்பரப்புக்கு ஓரத்து ஊர். தண்ணீர் வற்றுகிற கோடையில் அந்தப் பக்கம் போகிறவர்கள் கோயில் கோபுரத்தைப் பார்க்கத்தான் போகிறார்கள்.

ஹைதர் செய்தது சரியா என்று கேட்டால் நான் சரி என்று சொல்லமாட்டேன். ஃபெய்சனும் அவருடைய ஆட்களும் எந்த வாக்கையும் மீறவில்லை. ராபின்சன் செய்ததற்கு அவர்கள் சிறையில் கிடந்தார்கள்.

1769 மார்ச்சுக் கடைசியில் ஹைதர் சென்னைக்கு மிக அருகில், பரங்கிமலைப் பக்கத்தில் வந்து நின்றார். ஏப்ரலில் உடன்படிக்கை. பிடித்ததைத் திருப்பிக் கொடுப்பது என்று ஏற்பாடு. கரூர் மட்டும் ஹைதரிடமே தங்கியது. சேலம், நாமக்கல்லுக்கு ஒரு வருஷத்தில் இரண்டு தடவை கொடி மாறியதுதான் மிச்சம்.

இந்தப் போரைப் பற்றி ஹைதர் பக்கம் இருந்த ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதிய புத்தகம் 1783-ல் பாரிசில் வந்தது. முகப்பில் பெயரை முழுதாகப் போடாமல் முதலெழுத்துகளை மட்டும் போட்டிருப்பார். மேத்ர் த லா தூர் என்பவர் அவர். மூலத்திலேயே படிக்கலாம் என்ற ஆசையில் படித்தேன். ஹைதரைத் தூக்கிப் பிடிப்பார், தம்மையும் தூக்கிப் பிடிப்பார். எண்ணிக்கைகளை நம்ப வேண்டியதில்லை. ஆனால் ஒரு கேலிச்சித்திரத்தை வர்ணிக்கிறார், அதற்காகவே படிக்கலாம். உடன்படிக்கைக்குப் பிறகு சென்னைக் கோட்டை வாசலில் ஹைதர் ஒட்டச் செய்தாராம். பீரங்கிக் குவியல் மேல் ஹைதர் உட்கார்ந்திருக்கிறார். எதிரே கும்பினித் தூதர் துய்ப்ரே மண்டியிட்டிருக்கிறார். பெயரைப் பார்த்தால் எங்கள் பிரெஞ்சுப் பெயர். அவர் மூக்கு யானைத் துதிக்கை மாதிரி நீண்டிருக்கிறது. ஹைதர் அதைப் பிடித்து உலுக்க, பொற்காசாகக் கொட்டுகிறது. பக்கத்தில் ஒரு பெரிய நாய் உறுமுகிறது. அதன் கழுத்துப்பட்டையில் ஜான் காலின் பெயரெழுத்துகள். தூரத்தில் கும்பினிப் பாளையம். அங்கே ஸ்மித் ஒரு கையில் உடன்படிக்கையை வைத்துக்கொண்டு தம் வாளை உடைக்கிறார். சித்திரம் நிஜமாக ஒட்டப்பட்டதா, கதையா என்று எனக்கு முழு நம்பிக்கை இல்லை. ஆனால் போட்டவனோ சொன்னவனோ, யாராயிருந்தாலும் விஷயம் தெரிந்தவன். களப் பிரதிநிதியை நாயாக்கியவன் தளபதியை மட்டும் கேலி செய்யவில்லை.

இதைப் படித்தபோது, எழுதுகிறவன் ஒருவன், சாங்ஷன் கொடுக்கிறவன் இன்னொருவன் என்பதுதான் கோளாறு என்று நினைக்கத் தோன்றும். இரண்டு அதிகாரமும் ஒரே ஆளிடம் இருந்தால் கோட்டைக்கு அரிசி போயிருக்கும் அல்லவா? 1790-ல் அதுவும் நடந்து பார்த்தது. ஜெனரல் மெடோஸ் சென்னைக்குக் கவர்னர், சேனைக்கும் அவரே தலைவர். திருச்சியில் படை சேர்த்து, ஜூனில் கரூர், ஜூலையில் கோயமுத்தூர், பிறகு திண்டுக்கல், ஈரோடு, பாலக்காடு, சத்தியமங்கலம் என்று பிடித்து, வழிநெடுகத் தானியக் கிடங்குகள் வைத்து, கெஜலட்டி வழியாக மைசூருக்கு ஏறுவது என்பது திட்டம். செப்டம்பரில் திப்பு அதே கெஜலட்டியில் இறங்கினார். சத்தியமங்கலத்தில் கர்னல் ஃப்ளாய்டு இரண்டு நாள் மோதிவிட்டுப் பின்வாங்கினார். ஈரோடு போயிற்று, தாராபுரம் போயிற்று. நவம்பரில் மெடோஸ் திப்புவைத் துரத்தி வடக்கே பாராமகால் போனால், திப்பு தொப்பூர்க் கணவாய்க்குள் நுழைந்து நம் சமவெளி வழியாகத் தெற்கே நழுவிவிட்டார். அங்கிருந்து திருச்சிப் பக்கம், தியாகதுர்க்கம், திருவண்ணாமலை, கடைசியில் எங்கள் புதுச்சேரி வாசல். அங்கே கவர்னர் த ஃப்ரேனிடம் பிரெஞ்சுப் படை கேட்டுப் பேச்சு நடந்தது. பாரிசில் அப்போது பதினாறாம் லூயி தம் தலைக்கே காவல் தேடிக்கொண்டிருந்தார். படை வரவில்லை.

ஆக, சாங்ஷன் கையில் இருந்தும் மெடோஸ் ஸ்மித்தின் இடத்திலேயே வந்து நின்றார். திறந்த சமவெளியில் நீளமாகக் கிடங்கு வரிசை வைத்தால், குதிரை வைத்திருப்பவன் எந்த இடத்திலும் அறுக்கலாம். இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய கோப்பை யாரும் எடுத்துப் படிக்கவில்லை போலிருக்கிறது. ரெக்கார்டு ரூம் எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரிதான்.

அடுத்து வந்தவர் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ். 1791 மார்ச்சில் பெங்களூரைப் பிடித்தார். மே மாதம் சீரங்கப்பட்டணத்துக்கு அருகிலேயே போய்விட்டார். போய் என்ன? மாடுகள் செத்து விழுந்தன, அரிசி தீர்ந்தது, மழை பிடித்துக்கொண்டது. கோட்டையைத் தகர்க்க இழுத்துப்போன பெரிய பீரங்கிகளைத் தாமே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார். வழியில் மராட்டியச் சேனை எதிர்ப்பட்டது. அவர்கள் பாளையத்துக் கடைத்தெருவில் எல்லாம் கிடைத்தது, யானை விலைக்கு. அந்த வருஷம் அவர் பிஷப்பாக இருந்த தம் தம்பிக்கு எழுதிய ஒரு கடிதம் அச்சில் இருக்கிறது. திப்புவை நான் சீக்கிரம் வெல்லாவிட்டால் இந்தப் போரின் தொல்லைகளே என்னை வென்றுவிடும் என்ற பொருளில் மனம் விட்டு எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் சரணடைந்து வந்த மனுஷர். அவரை அங்கே வளைத்ததில் பாதிப் பங்கு எங்கள் பிரெஞ்சுக்காரர்களுடையது. கடல் வழி அடைபட்டால் என்ன ஆகும் என்று அனுபவித்தவர்.

அதனால்தானோ என்னவோ, இவர் வேறு மாதிரி செய்தார். மறுபடி நேரே தலைநகருக்கு ஓடவில்லை. ஆறேழு மாதம் செலவழித்து முதலில் வழியைச் சரி செய்தார். ஜூலையில் ஓசூரும் ராயக்கோட்டையும் கைக்கு வந்தன. அந்தப் பாதை திறந்ததும் ஆம்பூர் வழியாகச் சாமான் ஏறத் தொடங்கியது. சென்னையில் பொறுப்பில் இருந்த சர் சார்லஸ் ஓக்லி கஜானாவைச் சீர்ப்படுத்திக் கேட்டதை அனுப்பினார். ஆகஸ்டில் வந்த ஒரு தொடரில் பணம் சுமந்த 100 யானைகள், அரிசி சுமந்த 6,000 மாடுகள், 100 வண்டிச் சாராயம், தலைச்சுமைக்காரர்கள் பல நூறு. தளபதியின் கடிதத்துக்கு இப்படி ஒரு பதில் கிடைத்ததை நான் வேறெங்கும் படித்ததில்லை.

அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. பிரிஞ்சாரிகளை, அதாவது நாம் லம்பாடிகள் என்று சொல்கிறவர்களை, சேனைக்கு இழுத்தது. அவர்கள் சொந்த மாடு, சொந்தத் தானியம், குடும்பம் குட்டியோடு ஊர் ஊராகப் பொதி ஏற்றிப் போகிற வியாபாரிகள். கும்பினி மாட்டை வாடகைக்கு எடுத்தால் செத்த மாட்டுக்கும் கணக்குப் பேச வேண்டும். பிரிஞ்சாரிக்கு அப்படியில்லை, கொண்டுவந்து கொட்டினால் கையில் காசு. இந்த வேலையை ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து நடத்தியவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். உளவுச் செய்தி சேகரிப்பதும் அவர் பொறுப்பே. எந்தச் சந்தையில் என்ன விலை என்று தெரிந்து வைத்திருப்பவனிடம் எந்தப் பக்கம் குதிரைப்படை போகிறது என்ற செய்தியும் தானே வந்துவிடும்.

திப்புவும் சும்மா இருக்கவில்லை. பாக்கர் சாகிப் என்பவரை இந்த வழியை அறுக்கப் பாராமகாலுக்குள் அனுப்பினார். அவர்கள் பென்னாகரத்தில் தங்கினார்கள். அக்டோபர் 31-ல் கர்னல் மேக்ஸ்வெல் பென்னாகரத்தைத் தாக்கிப் பிடித்தார். சமாதானக் கொடியோடு போனவர்கள் மேல் உள்ளேயிருந்து சுட்டதாகச் சொல்லி, உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோரை வெட்டிப்போட்டார்கள். ஒரு வாரத்தில் கிருஷ்ணகிரி. கீழே பேட்டையைப் பிடித்துக் கொளுத்தினார்கள். மேல் கோட்டையில் ஏற முடியாமல், உருண்டு வந்த பாறைகளில் அடிபட்டுத் திரும்பினார்கள். மலை மேல் இருந்தவனுக்குச் சோறும் தண்ணீரும் இருந்தது.

1792 பிப்ரவரியில் கார்ன்வாலிஸ் மறுபடி சீரங்கப்பட்டணம் போனபோது பின்னால் பல்லாயிரம் பிரிஞ்சாரி மாடுகள் போயின. மார்ச்சில் உடன்படிக்கை. சேலமும் பாராமகாலும் கும்பினிக்கு வந்தன. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் மட்டும் 1799 வரை திப்புவிடம் இருந்தது.

புதுச் சீமையை நிர்வகிக்க யாரை அனுப்புவது என்ற கேள்வி எழுந்தபோது, கார்ன்வாலிஸ் மாடும் சந்தையும் பாதையும் தெரிந்த ரீடையே கலெக்டராக்கினார். உதவிக்கு மூன்று ராணுவ அதிகாரிகள். அதில் தாமஸ் மன்றோவை எல்லோருக்கும் தெரியும். நம் சேலம், நாமக்கல் பக்கம் வந்தவர் கேப்டன் மக்லியோட். ரீடும் இவர்களும் எழுதி வைத்த கடிதங்களும் குறிப்புகளும் பாராமகால் ரெக்கார்ட்ஸ் என்ற பெயரில் பல தொகுதிகளாகச் சென்னை அரசு அச்சகத்தில் அச்சாகியிருக்கின்றன. குடிகளைப் பற்றி ஒரு பகுதி, நிலவரியைப் பற்றி ஒரு பகுதி, சுங்கத்தைப் பற்றி ஒரு பகுதி. இந்தச் சீமையில் என்னென்ன விளைகிறது என்பதற்குத் தனியாகவே ஒரு பகுதி உண்டு.